பிரசவத்துக்கு அப்புறம் சுகர்: முதல்ல டெஸ்ட்டா, முதல்ல பாலிசியா?

ஹெல்த் இன்சூரன்ஸ் வீடியோ போட்டதுக்கு அப்புறம் ஒரே கேள்வி வேற வேற வடிவத்துல வந்துக்கிட்டே இருக்கு. "கர்ப்பமா இருக்கும்போது சுகர் வந்துச்சு, இன்சுலின் போட்டாங்க. குழந்தை பிறந்து ஒரு மாசம் ஆகுது. ஆறு வாரத்துல ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. அதுல சுகர்னு வந்துட்டா பாலிசி கிடைக்காதாமே? முதல்ல பாலிசி எடுத்துட்டு அப்புறம் டெஸ்ட் எடுக்கவா?"

கேட்கறது அம்மா மட்டும் இல்ல. பாதி நேரம் கணவர்தான் கேட்கறார். யாரோ ஒரு ஏஜென்ட் காதுல போட்டது, இல்லன்னா ஆபீஸ் நண்பர் சொன்னது. பதிலை முதல்லயே சொல்லிடறேன்: டெஸ்ட்தான் முதல்ல. இது டாக்டர் சொல்ற பதில்னு நினைக்காதீங்க. ஒரு சிஏவா, வெறும் பணக் கணக்கு மட்டும் பார்த்தாலும் இதே பதில்தான் வருது. ஏன்னு விரிவா சொல்றேன்.

முதல்ல சுகர் பத்தி அவசியமான கொஞ்சம் விஷயம். மருத்துவ ஆலோசனை தர்றது என் வேலை இல்ல. ஆனா இது தெரியாம கணக்கு புரியாது.

புதுசா அம்மா ஆனவங்க சுகரோட இருந்தா மூணு நிலைமைல ஒண்ணா இருக்கும். முதல் வகை, கர்ப்பத்துக்கு முன்னாடியே சுகர் இருந்தவங்க, டைப் 1 அல்லது டைப் 2. இரண்டாவது, கர்ப்பத்துல மட்டும் வந்து, பிரசவம் முடிஞ்சதும் இறங்கினவங்க. மூணாவது, கர்ப்பத்துலதான் முதல் தடவை தெரிஞ்சது, ஆனா பிரசவத்துக்கு அப்புறமும் போகல. இரண்டாவதா மூணாவதான்னு பிரிச்சுச் சொல்றதுதான் அந்த ஆறு வார டெஸ்ட். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணில கலக்கிக் குடிச்சுட்டு, இரண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140-க்குக் கீழ இருந்தா நார்மல். 140-லேருந்து 199 வரைக்கும் எல்லைக்கோடு. 200 அல்லது அதுக்கு மேல போனா சுகர். வெறும் வயித்துல 126-ஐத் தொட்டாலும் சுகர்தான்.

மூணு மாச சராசரி பார்க்கிற ஹெச்பிஏ1சி எடுத்தா போதாதான்னு கேட்பீங்க. பிரசவத்துல ரத்தம் போயிருக்கும், ரத்தசோகை இருக்கலாம். அந்த நேரத்துல அந்த எண் சரியா காட்டாது. அதனாலதான் இந்த நேரத்துக்கு குளுக்கோஸ் டெஸ்ட்டையே சொல்றாங்க.

பெரும்பாலானவங்களுக்கு ஆறு வாரத்துல நார்மல்னுதான் வரும். ஆனா கர்ப்பகால சுகர் வந்தவங்களுக்கு, வராதவங்களை விட, பிற்காலத்துல டைப் 2 வர்ற வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேலன்னு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. அதனால நார்மல்னு வந்தாலும் ஒண்ணுலேருந்து மூணு வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கணும். நம்ம ஊருக்கு இதுல ஒரு தனிப் பங்கு உண்டு. கர்ப்பகால சுகருக்கு இந்தியா முழுக்க இப்ப நடக்கிற எளிமையான பரிசோதனை முறைக்குப் பின்னாடி இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் தேசிய கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளா வெச்சிருக்காங்க.

சரி, இப்ப பாலிசி விஷயம்.

"டெஸ்ட் எடுக்கலன்னா எனக்கு சுகர்னு எங்கயும் எழுதியிருக்காது. எழுதலன்னா அது ஏற்கெனவே இருந்த நோய் இல்ல. அப்ப காத்திருப்புக் காலமும் இல்ல." இதுதான் அந்த வாதம். கேட்க புத்திசாலித்தனமா இருக்கும். ஆனா இரண்டு இடத்துல உடையுது.

முதல் இடம், உங்க டிஸ்சார்ஜ் சம்மரி. அதை எடுத்துப் படிச்சுப் பாருங்க. "கர்ப்பகால நீரிழிவு, இன்சுலின் கொடுக்கப்பட்டது"ன்னு இருக்கும். அதுக்குக் கீழ "ஆறு வாரம் கழிச்சு குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்து வரவும்"னு இருக்கும். இப்ப ஐஆர்டிஏஐ வரையறை என்ன சொல்லுதுன்னு பாருங்க. பாலிசி ஆரம்பிக்கிற தேதிக்கு முந்தின 36 மாசத்துக்குள்ள ஒரு டாக்டர் கண்டுபிடிச்ச நோய், அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைக்கப்பட்ட, பெறப்பட்ட நோய். கண்டுபிடிச்சது மட்டும் இல்ல, ஆலோசனை சொல்லியிருந்தாலும் கணக்குல வரும். நீங்க எடுக்காம விட்ட டெஸ்ட்டே, எழுதி வெச்ச ஆலோசனையா அந்தப் பேப்பர்ல உட்கார்ந்திருக்கு.

இரண்டாவது இடம், விண்ணப்பப் படிவம். அதுல "உங்களுக்கு எப்பவாவது ரத்தச் சர்க்கரை அதிகமா இருந்ததா, அதுக்கு மருந்து எடுத்தீங்களா"ன்னு ஏதோ ஒரு வடிவத்துல கேள்வி இருக்கும். "இல்லை"ன்னு டிக் பண்ணா அது பொய். ஆன்லைன்ல ஏஜென்ட் உங்க போனை வாங்கி அவரே டிக் பண்ணாலும், ஓடிபி உங்களுது, பொறுப்பும் உங்களுது. நாலு வருஷம் கழிச்சு ஏதோ ஒரு அட்மிஷன்ல "எத்தனை வருஷமா சுகர்?"னு டியூட்டி டாக்டர் கேட்பார். நீங்க இயல்பா "பிரசவத்துலேருந்து"ன்னு சொல்வீங்க. அவர் கேஸ் ஷீட்ல எழுதுவார். கிளெய்ம் பார்க்கிறவர் முதல்ல படிக்கிற வரியே அதுதான்.

"அஞ்சு வருஷம் தாண்டிட்டா கேட்க முடியாதாமே?" ஆமா, 2024-லேருந்து அந்த மாரடோரியம் காலம் எட்டு வருஷத்துலேருந்து 60 மாசமா குறைஞ்சிருக்கு. தொடர்ந்து 60 மாசம் பிரீமியம் கட்டினப்புறம், சொல்லாம விட்டதைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடின்னு நிரூபிச்சா மட்டும் விதிவிலக்கு. இன்சுலின் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தவங்க, மறு மாசமே "சுகர் இருந்ததே இல்லை"ன்னு எழுதிக் கொடுத்தா, அது மறதியா மோசடியான்னு வாதாடுற நிலைமைல நீங்க நிக்கணுமா? அதுவும் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர் முன்னாடி? அதுவரைக்கும் அஞ்சு வருஷம் பிரீமியம் கட்டிக்கிட்டு, உண்மையில கவர் இல்லாமயே இருப்பீங்க. என் கண்ணுக்கு இது இன்சூரன்ஸே இல்ல, லாட்டரி டிக்கெட்.

இப்ப நேர்வழில போனா என்ன செலவுன்னு பார்ப்போம்.

டெஸ்ட் நார்மல்னு வந்தா, அந்த ரிப்போர்ட்தான் உங்க கையில இருக்கிற பெரிய சொத்து. "கர்ப்பத்துல வந்தது, இப்ப இல்லை, இதோ ஆதாரம்"னு படிவத்தோட இணைச்சுடலாம். டெஸ்ட் எடுக்காதவங்ககிட்ட "வந்தது" மட்டும்தான் ஆதாரமா இருக்கும், "போச்சு"ங்கறதுக்கு எதுவும் இருக்காது. கம்பெனிக்குக் கம்பெனி முடிவு மாறும். ஆனா இந்த ரிப்போர்ட் கையில இருந்தா பேச ஒரு இடம் இருக்கு.

டெஸ்ட்ல சுகர்னு வந்தா, மோசமானது என்ன? ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம். முன்னாடி 48 மாசம் வரைக்கும் வைக்கலாம்னு இருந்தது, இப்ப குறைச்சாச்சு. அந்த மூணு வருஷமும் சுகரோட தொடர்புள்ள அட்மிஷனுக்குத்தான் கவர் இல்ல. டெங்கு, விபத்து, அப்பெண்டிக்ஸ் எல்லாத்துக்கும் அந்தந்த பாலிசியோட சாதாரண நிபந்தனைப்படி கவர் உண்டு. முப்பது வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அடுத்த மூணு வருஷத்துல வரக்கூடியதும் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்கள்தான்.

பிரீமியம் கொஞ்சம் ஏத்துவாங்க. உதாரணத்துக்கு 18,000 ரூபாய் பிரீமியத்துல 20 சதவீதம் லோடிங் போட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. 21,600. வருஷத்துக்கு 3,600 கூடுதல், மாசத்துக்கு 300 ரூபாய். ஒரு வேடிக்கை சொல்றேன். 2025 செப்டம்பர் 21 வரைக்கும் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. அதே 18,000 பாலிசிக்கு, எந்த நோயும் இல்லாதவங்களே 21,240 கட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. இப்ப அந்த ஜிஎஸ்டி இல்ல. ஆக உண்மை சொல்றதோட விலை, 2025 செப்டம்பர் வரைக்கும் எல்லாரும் சத்தமில்லாம கட்டின வரி அளவுதான்.

டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டா என்ன போகும்? இது பணம் மட்டும் இல்ல. சுகர் இருக்கிறது தெரியாமயே அடுத்த குழந்தை உண்டானா, முதல் எட்டு வாரத்துலதான் குழந்தையோட இதயம், தண்டுவடம் எல்லாம் உருவாகும். அந்த வாரங்கள்ல சுகர் ஏறியிருக்கிறதுதான் பிறவிக் குறைபாட்டுக்கு வழி. கர்ப்பம்னு தெரிய வர்றதுக்குள்ள பாதி வாரம் ஓடியிருக்கும். சில நூறு ரூபாய் டெஸ்ட்டை பாலிசிக்காகத் தள்ளிப்போடச் சொல்ற யாரையும் நம்பாதீங்க. அவங்களுக்கு அதுல கமிஷன் இருக்கு, உங்களுக்கு எதுவும் இல்ல.

ஆபீஸ் பாலிசி இருக்கே, அது போதாதா?

இப்போதைக்குப் போதும். நிறைய கம்பெனிகளோட குரூப் பாலிசில ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலமே கிடையாது. முதல் நாள்லேருந்தே கவர். சுகர் இருக்கிறவங்களுக்கு இது பெரிய வரம். ஆனா இதுல மூணு ஓட்டை இருக்கு.

ஒண்ணு, மகப்பேறுக்கு தனி உச்சவரம்பு. அஞ்சு லட்சம் கவர்னு கார்டுல இருக்கும், பிரசவத்துக்கு மட்டும் 50,000 அல்லது 75,000-னு உள்ள ஒளிஞ்சிருக்கும். இன்சுலின் போடுற கர்ப்பம்னா டாக்டர்கள் பொதுவா 39 வாரத்தைத் தாண்ட விடமாட்டாங்க. வலி வரவைக்கிறது, கூடுதல் நாள் அட்மிஷன், சிசேரியன்னு பில் ஏறும். மிச்சம் உங்க கையிலேருந்துதான்.

இரண்டாவது ஓட்டைதான் பெருசு: குழந்தை. அம்மாவுக்கு சுகர் இருந்தா, பிறந்த குழந்தைக்கு முதல் நாள் சர்க்கரை திடீர்னு இறங்கலாம். குதிகால்ல குத்தி அடிக்கடி பார்ப்பாங்க. இறங்கினா என்ஐசியூல வெச்சு குளுக்கோஸ் ஏத்துவாங்க. தனியார் ஆஸ்பத்திரில என்ஐசியூ பில் தினம் ஆயிரக்கணக்குல ஓடும். அந்த பில் அம்மா கணக்குலயா, குழந்தை கணக்குலயா, மகப்பேறு உச்சவரம்புக்குள்ளயா, வெளியயா? இது ஒவ்வொரு பாலிசிலயும் மாறும். ஏழாம் மாசமே எச்ஆருக்கு மெயில் போட்டு இரண்டே கேள்வி கேளுங்க: "பிறந்த குழந்தைக்கு முதல் நாள்லேருந்து கவர் உண்டா? அது மகப்பேறு வரம்புக்கு வெளியவா?" பதிலை மெயில்லயே வாங்குங்க. வாட்ஸ்அப்ல தம்ஸ்-அப் வாங்காதீங்க. குழந்தை பிறந்ததும் பேரே வைக்கலன்னாலும் பரவாயில்ல, "பேபி ஆஃப்"னு அம்மா பேரைப் போட்டு உடனே போர்ட்டல்ல சேர்த்துடுங்க. நிறைய பாலிசில 30 நாள்தான் டைம். தொட்டில் போடுற வரைக்கும் காத்திருந்தா தேதி போயிடும். இது அப்பாவோட வேலைன்னு நான் நினைக்கிறேன். தையல் வலியோட இருக்கிறவங்க போர்ட்டல் பாஸ்வேர்ட் தேடக்கூடாது.

மூணாவது, வேலை போனா கவரும் போச்சு. லீவு முடிஞ்சு திரும்பி வர முடியாம வேலையை விடற அம்மாக்கள் எத்தனை பேர்னு உங்க ஆபீஸ்லயே எண்ணிப் பாருங்க. சுகர்னு முத்திரை விழுந்து, வேலையும் இல்லாம, முதல் தடவையா தனி பாலிசி தேடறதுதான் இருக்கிறதிலயே மோசமான நேரம். ராஜினாமா கொடுக்கிறதா இருந்தா, கடைசி வேலை நாளுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே குரூப் பாலிசி கம்பெனிகிட்ட தனிநபர் பாலிசிக்கு மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கேளுங்க. குரூப்ல இருந்த காலம் காத்திருப்புக் கணக்குல வரும். மூணு வருஷமா அதே குரூப்ல இருந்தவங்களுக்கு இது லட்சக்கணக்குல மதிப்புள்ள விஷயம். எக்சிட் படிவத்துல லேப்டாப் திருப்பிக் கொடுத்தீங்களான்னு கேட்பாங்க, இதைக் கேட்க மாட்டாங்க.

கல்யாணமே ஆகல, இல்ல இப்பத்தான் ஆச்சு, இதெல்லாம் எனக்கு எதுக்குன்னு இவ்வளவு தூரம் படிச்சவங்க இருந்தா: உங்களுக்குத்தான் இது ரொம்ப சுலபம். எந்தப் பேப்பர்லயும் எதுவும் எழுதப்படாத இந்த வயசுல ஒரு தனி பாலிசி எடுங்க. மகப்பேறு கவர் வேணும்னா அதுக்குத் தனிக் காத்திருப்பு உண்டு, 9 மாசத்துலேருந்து சில வருஷம் வரைக்கும்.

டெர்ம் இன்சூரன்ஸும் இதே கதைதான். கர்ப்பத்துலயும் பிரசவம் முடிஞ்ச புதுசுலயும் பல கம்பெனிகள் விண்ணப்பத்தைத் தள்ளி வைப்பாங்க. ஆறு வார ரிப்போர்ட்டோட போங்க. ஆயுள் காப்பீட்டுல மூணு வருஷம் முடிஞ்சா எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாதுன்னு 45-வது பிரிவு சொல்லுது. ஆனா அந்த மூணு வருஷத்துக்குள்ள ஏதாவது ஆனா பதில் சொல்லப் போறது நீங்க இல்ல, உங்க குடும்பம்.

இன்சூரன்ஸ் தராத செலவுதான் மாசாமாசம் கடிக்கும்

ஹெல்த் பாலிசி பெரும்பாலும் படுக்கைல படுத்தாத்தான் பணம் கொடுக்கும். ஸ்ட்ரிப், ஊசி, கன்சல்டேஷன், லேப் எல்லாம் நம்ம பாக்கெட். ஒரு நாளைக்கு நாலு தடவை விரல்ல குத்திப் பார்க்கணும்னா மாசத்துக்கு 120 ஸ்ட்ரிப். ஒண்ணு 18 ரூபாய்னு போட்டா 2,160. மீட்டரை இலவசமா கொடுப்பாங்க, ஸ்ட்ரிப்லதான் வியாபாரம். பழைய பிரின்டர் மை கதைதான். மீட்டர் வாங்கும்போதே ஸ்ட்ரிப் விலையை விசாரிங்க. ஜிஎஸ்டி 12-லேருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு, உங்க கடைல அது இறங்கியிருக்கான்னு பாருங்க.

ஒன்பதாம் மாசம் ஆஃபர்னு நாலு பாக்ஸ் வாங்கி அடுக்காதீங்க. கர்ப்பகால சுகர்னா நஞ்சுக்கொடி வெளிய வந்ததுமே இன்சுலின் தேவை சட்டுன்னு இறங்கிடும். நிறைய பேருக்கு அன்னிக்கே நிறுத்திடுவாங்க. முன்னாடியே சுகர் இருந்தவங்களுக்கும் டோஸ் நல்லா குறையும். பழைய டோஸையே தொடர்ந்தா லோ ஆகும். அதனால டிஸ்சார்ஜ்ல கொடுத்த புது அளவு என்னன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. வாங்கி வெச்ச ஸ்ட்ரிப் எக்ஸ்பையரி ஆகி குப்பைக்குப் போகும். திறந்த இன்சுலின் குப்பியும் சுமார் நாலு வாரம்தான்.

இன்சுலின்ல, சாதாரண ஹ்யூமன் இன்சுலின் குப்பி அரசு விலைக் கட்டுப்பாட்டுக்குள்ள வருது. அனலாக் பென் பல மடங்கு அதிகம். எது உங்களுக்குன்னு டாக்டர்தான் சொல்லணும், ஆனா "செலவு எனக்கு ஒரு விஷயம்"னு அவர்கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. சொல்லலன்னா அவருக்குத் தெரியாது. குப்பி வாங்கினா ஊசியையும் கவனிங்க. இந்தியக் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட் மருந்துக்கு. மாத்திப் போட்டா டோஸே மாறிடும். பில்லை மட்டும் பார்க்காம மூடி கலரையும் பாருங்க. மெட்ஃபார்மின் மாதிரி மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டுலயும் விலை நிஜமாவே குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்துல டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். ஐடில வேலை பார்த்துக்கிட்டு அங்க போறதான்னு கூச்சப்படறவங்க இருக்காங்க. நீங்க கட்டற வரில நடக்கிற இடம்தான் அது.

இதோட லேகியம் ஒண்ணு இருக்கு. பிரசவ லேகியம், வெல்லம் போட்ட காயம், சத்து பானம் டப்பா. பால் ஊறும்னு அன்போட கொடுப்பாங்க. லேகியத்துல பாதி வெல்லம், கருப்பட்டி. கருப்பட்டியும் சர்க்கரைதான், ஊர்ப்பெயர் வேற, அவ்வளவுதான். வேண்டாம்னு சொன்னா அத்தைக்கு மனசு கஷ்டமாகும்னு வாங்கிச் சாப்பிட்டுட்டு, சுகர் 240-னு பார்த்துட்டு, இன்னொரு கன்சல்டேஷனுக்கு 800 ரூபாய் கொடுக்கிறாங்க. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, கருவாடு, முருங்கைக்கீரைன்னு நம்ம பத்தியச் சாப்பாட்டுல இனிப்பில்லாதது எவ்வளவோ இருக்கு. "அத்தை, சுறாப் புட்டு செஞ்சு கொடுங்க"ன்னு கேட்டா அவங்களுக்கும் சந்தோஷம். இதுல மகன் வாயைத் திறந்து தன் அம்மாகிட்ட பேசினா பாதி பிரச்சினை தீரும்.

தாய்ப்பால் கொடுக்கிறது சுகருக்கும் நல்லது, பவுடர் செலவும் மிச்சம். ஆனா இன்சுலின் போடறவங்களுக்குப் பால் கொடுக்கும்போதும், ராத்திரி கொடுத்து முடிச்சப்புறமும் சுகர் இறங்கலாம். வேர்த்துக் கொட்டி கை நடுங்கும். பால் கொடுக்கிற இடத்துலயே ஏதாவது ஒரு சாப்பாடு கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். இன்சுலினும் மெட்ஃபார்மினும் தாய்ப்பால் கொடுக்கிறப்போ பொதுவா அனுமதிக்கிற மருந்துகள்தான். மத்த மாத்திரைகளுக்கு டாக்டரைக் கேளுங்க. குழந்தைக்குப் போயிடுமோன்னு பயந்து தானா நிறுத்தறதுதான் ஆபத்து.

லீவும் சம்பளமும்

முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, அதுல பிரசவத்துக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம். முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருக்கணும். 26 வாரம்ங்கறது 2017 திருத்தத்துல வந்தது. இப்ப புது தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் அப்படியே இருக்கு. இது எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது: கர்ப்பத்தாலயோ பிரசவத்தாலயோ வந்த நோய்னு மருத்துவச் சான்று கொடுத்தா, இதுக்கு மேல இன்னும் ஒரு மாசம் சம்பளத்தோட லீவு உண்டு. சுகர் கட்டுக்குள்ள வராதவங்க, இன்சுலின் அளவு இன்னும் நிலைக்காதவங்க டாக்டர்கிட்ட பேசிப் பாருங்க. எச்ஆர் தானா முன்வந்து இதைச் சொல்ல மாட்டாங்க. சும்மா லாஸ் ஆஃப் பேல போட்டுடாதீங்க. மாசம் 60,000 வாங்கறவங்களுக்கு இது 60,000 ரூபாய் விஷயம்.

திரும்பி வேலைக்கு வந்தப்புறம் குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும், வழக்கமான இடைவேளை போக, தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை உங்க உரிமை. பால் எடுத்து வைக்க, சுகர் பார்க்க, ஏதாவது சாப்பிட அந்த நேரத்தை காலண்டர்ல பிளாக் பண்ணிடுங்க. மீட்டிங்ல இருக்கிறதால சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன்னு சொல்றவங்க இன்சுலின் போட்டவங்களா இருக்கக்கூடாது.

சம்பளம் மாசம் 21,000-க்குள்ள இருந்தா ஈஎஸ்ஐ. முந்தின இரண்டு பங்களிப்புக் காலத்துல 70 நாள் பங்களிப்பு இருந்தா, 26 வாரமும் முழு தினக்கூலி, மருத்துவக் காரணத்துக்கு இன்னும் ஒரு மாசம். சிகிச்சைக்கு உச்சவரம்பு இல்ல, இன்சுலினும் அங்கயே. சுகர் இருக்கிற ஒரு அம்மாவுக்கு, சம்பளம் 21,500 ஆகி ஈஎஸ்ஐ விட்டு வெளிய வர்றது உண்மையில லாபமான்னு கணக்குப் போட்டுப் பார்க்கணும். கம்பெனி ஹெல்த் பாலிசி எதுவும் கொடுக்கலன்னா, அந்த 500 ரூபாய் உயர்வு நஷ்டம்தான்.

வரில என்ன கிடைக்கும்

கொஞ்சம்தான். புது முறைல இருந்தா ஹெல்த் பிரீமியத்துக்கு எந்தக் கழிவும் கிடையாது. 12.75 லட்சம் வரைக்கும் சம்பளக்காரங்களுக்கு வரியே வராததால, இதை வாசிக்கிற பலருக்கு அது பெரிய இழப்பும் இல்ல. பழைய முறைன்னா 80டி: உங்களுக்கும் துணைக்கும் குழந்தைக்கும் சேர்த்து 25,000. அதுக்குள்ளயே தடுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு 5,000, இதை மட்டும் பணமா கட்டியிருந்தாலும் ஏத்துக்குவாங்க. வருஷா வருஷம் எடுக்கிற சுகர் டெஸ்ட் பில்லை இதுல காட்டலாம். பிரீமியத்தைப் பணமா கட்டினா கழிவு இல்ல. 2026 ஏப்ரல்லேருந்து புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண் எல்லாம் மாறுது, ஆனா நாம இன்னும் பத்து வருஷம் 80டின்னுதான் சொல்லுவோம்னு நினைக்கிறேன்.

80டிடிபில சுகர் மருந்துச் செலவைக் காட்டலாம்னு சில வீடியோல சொல்றாங்க. முடியாது. புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, சில நரம்பு, ரத்த நோய்கள்னு பட்டியல் இருக்கு. அதுல நீரிழிவு இல்ல. காட்டினா நோட்டீஸ் வரும்.

கடைசியா ஒரு வேலை. டிஸ்சார்ஜ் சம்மரி, இன்சுலின் எழுதின சீட்டு, ஆறு வார ரிப்போர்ட் மூணையும் போன்ல போட்டோ எடுத்து, "அம்மா சுகர்"னு ஒரு ஃபோல்டர்ல, கணவன் மனைவி இரண்டு பேரும் திறக்கிற மாதிரி டிரைவ்ல வைங்க. குழந்தையோட ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் ஆஸ்பத்திரி போவீங்க. அன்னிக்கு காலைல சாப்பிடாம போனா, அதே நாள்ல குளுக்கோஸ் டெஸ்ட்டையும் முடிச்சுடலாம். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுத்துக்கிட்டிருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க. இரண்டு மணி நேரம் காத்திருக்கணும், அதனால குழந்தையைப் பார்த்துக்க கூட ஒருத்தர் வரட்டும்.